இன்னொரு ஆளா, இன்னொரு அடுப்பா? ஒரு பலகாரக் கடையை வைத்து நேரியல் திட்டமிடல்: முழுமையான வழிகாட்டி

ஆடி முடிந்து ஆர்டர் கூட ஆரம்பித்த நேரத்தில் எங்கள் அத்தை கேட்ட கேள்வி இது: "ஏன்ப்பா, இன்னொரு ஆளைப் போடலாமா, இல்லை இன்னொரு அடுப்பு வாங்கலாமா?" அத்தையும் மாமாவும் வீட்டோடு சேர்ந்த சின்னக் கொட்டகையில் முறுக்கும் மிக்சரும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். மாமா அடுப்படியில் நிற்பார். மாவு பிசைய, பிழிய, கலக்க, பாக்கெட் போட இரண்டு பெண்கள் வருகிறார்கள்.

இருக்கிற நேரத்தையும் ஆளையும் வைத்து அதிக லாபம் தரும் அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குதான் நேரியல் திட்டமிடல். பள்ளியில் அதைப் படித்தவர்களுக்கு வரைபடத் தாளில் இரண்டு கோடு போட்டு, நடுவில் நிழல் தீட்டி, மூலைப்புள்ளி கண்டுபிடித்தது ஞாபகம் இருக்கும். நானும் அப்படித்தான் போட்டேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அத்தையின் கேள்விக்கான பதில் அந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. எத்தனை கிலோ செய்வது என்பது அந்தக் கணக்கு தரும் முதல் விடை. எந்த இடத்தில் இடிக்கிறது, அந்த இடிப்பைத் தளர்த்தினால் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பது இரண்டாவது விடை. தொழில் செய்கிறவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும். அதனால் முதல் விடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு இரண்டாவதில் நிதானமாக நிற்கப்போகிறேன். எண்களைக் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

படி 1: எதை முடிவு செய்கிறோம்?

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ முறுக்கு, எத்தனை கிலோ மிக்சர்? இந்த இரண்டும்தான் நம் கையில் இருப்பவை. முறுக்கை மு என்றும் மிக்சரை மி என்றும் எழுதுவோம். வாடகை, கடன் தவணை, மாவு விலை எதுவும் இன்றைக்கு நம் கையில் இல்லை, அவை மாறிகளாக வராது. பலர் இந்த இடத்திலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் குழம்பிவிடுகிறார்கள்.

படி 2: கிலோவுக்கு எவ்வளவு நிற்கிறது?

கடைக்காரர்கள் "கிலோவுக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்பார்களே, சரியாக அந்த எண்தான் வேண்டும். முறுக்கு கிலோ 200 ரூபாய்க்குப் போகிறது. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்த்து 130. நிற்பது 70. மிக்சர் 210க்குப் போகிறது, செலவு 150, நிற்பது 60.

கூலியையும் வாடகையையும் இதில் கழிக்கவே கூடாது. அந்தப் பெண்கள் இருவருக்கும் நாள்கூலி. பத்துக் கிலோ செய்தாலும் நாற்பது கிலோ செய்தாலும் அதே கூலிதான். கிலோ கூடினால் கூடும், குறைந்தால் குறையும் என்கிற செலவை மட்டும் கழியுங்கள். வாடகையைக் கிலோவுக்கு இத்தனை என்று பங்கு போட்டுக் கழித்து, நல்ல லாபம் தரும் பொருளை நட்டம் என்று நினைத்து நிறுத்திய கடைகளைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

படி 3: கடிகாரம் வைத்து அளப்பது

முழு வேலையிலும் இதுதான் கடினமான பகுதி. இதற்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

ஒரு கிலோ முறுக்குக்குக் கைவேலை எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் "பத்து நிமிஷம்தான்" என்று பதில் வந்தது. போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பிழிவது மட்டும் பத்து நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் மாவு காய்ந்து உழக்கில் இறங்காமல் நிற்கும்போது தண்ணீர் தெளித்து மறுபடி பிசைகிறார்கள். அச்சுத் தட்டில் எள் அடைத்துக்கொண்டால் கழற்றி ஈர்க்குச்சியால் குத்தி எடுக்கிறார்கள். வெந்த முறுக்கு ஆறிய பிறகு எண்ணெய் வடித்து, உடையாமல் அடுக்கி, எடை போட்டு, கவரை ஒட்டுகிறார்கள். எல்லாம் சேர்த்தால் கிலோவுக்கு 18 நிமிடம். மிக்சருக்குப் பூந்தி, ஓமப்பொடி, கடலை, அவல், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனி ஈடாகப் போட வேண்டும். அடுப்பு நேரம் அதிகம், கைவேலை குறைவு.

அளந்து கிடைத்தவை: முறுக்கு கிலோவுக்கு அடுப்பில் 6 நிமிடம், கைவேலை 18 நிமிடம். மிக்சர் கிலோவுக்கு அடுப்பில் 10 நிமிடம், கைவேலை 8 நிமிடம். அடுப்பு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் எரிகிறது, அதாவது 540 நிமிடம். கைவேலைக்கு இரண்டு பேர், ஆளுக்கு எட்டு மணி நேரம், 960 நிமிடம். கடைகள் ஒரு நாளைக்கு 50 கிலோ முறுக்கும் 35 கிலோ மிக்சரும் வரை எடுத்துக்கொள்ளும்.

படி 4: எழுதி வைப்பது

கூட்ட வேண்டியது: 70 மு + 60 மி
அடுப்பு: 6 மு + 10 மி ≤ 540
கைவேலை: 18 மு + 8 மி ≤ 960
சந்தை: மு ≤ 50, மி ≤ 35
இரண்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

முதல் வரி குறிக்கோள் சார்பு, மற்றவை கட்டுப்பாடுகள். அவ்வளவுதான் மாதிரி.

படி 5: விடை

கணக்கே போடாதவர் என்ன செய்வார்? முறுக்கில் 70 நிற்கிறது, அதனால் முறுக்கை முடிந்தவரை போடு, மிச்ச நேரத்தில் மிக்சர் என்பார். 50 கிலோ முறுக்குக்கே கைவேலை 900 நிமிடம் போய்விடும். மீதி 60 நிமிடத்தில் ஏழரைக் கிலோ மிக்சர். மொத்தம் 3,950 ரூபாய். அடுப்போ 375 நிமிடம்தான் எரிந்திருக்கும்.

இனி வரைபடத்தில் பாருங்கள். படுக்கை அச்சில் முறுக்கு, செங்குத்து அச்சில் மிக்சர். அடுப்புக் கோடு முறுக்கு 90இலிருந்து மிக்சர் 54க்குப் போகும். கைவேலைக் கோடு முறுக்கு 53.3இலிருந்து மிக்சர் 120க்குப் போகும். இரண்டும் வெட்டும் இடம் 40 கிலோ முறுக்கு, 30 கிலோ மிக்சர். நேர்கோட்டுக் கணக்கில் சிறந்த விடை ஏதாவது ஒரு மூலையில் கிடைத்தே தீரும் என்பதால் மூலைகளை மட்டும் சோதித்தால் போதும். (50, 7.5) தருவது 3,950. (31.67, 35) தருவது 4,317. (40, 30) தருவது 2,800 + 1,800 = 4,600.

ஒரு நாளைக்கு 650 ரூபாய் வித்தியாசம். மாதம் 26 நாள் என்றால் 16,900. ஆளும் அதே, அடுப்பும் அதே, மாவும் அதே விலை.

படி 6: கணினியில் போடுவது

பொருள் இரண்டைத் தாண்டினால் வரைபடம் உதவாது. எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டிலும் இந்த மாதிரிக் கணக்கைத் தீர்த்துத் தரும் சால்வர் என்ற கருவி இருக்கிறது. பி2, சி2 கட்டங்களை முறுக்கு, மிக்சர் அளவுக்கு விட்டுவிடுங்கள். மூன்றாம் வரிசையில் 70, 60. நான்காம் வரிசையில் அடுப்பு 6, 10. ஐந்தாம் வரிசையில் கைவேலை 18, 8. டி நிரலில் ஒவ்வொரு வரிசைக்கும் சம்ப்ராடக்ட் சூத்திரத்தால் அந்த வரிசையை இரண்டாம் வரிசையோடு பெருக்கிக் கூட்டுங்கள். ஈ நிரலில் 540, 960. பிறகு சால்வரைத் திறந்து, டி3ஐ அதிகபட்சமாக்கு, பி2வையும் சி2வையும் மாற்று, டி4 ஈ4ஐத் தாண்டக் கூடாது, டி5 ஈ5ஐத் தாண்டக் கூடாது, பி2 50ஐயும் சி2 35ஐயும் தாண்டக் கூடாது என்று கொடுங்கள். எக்செல்லில் சிம்ப்ளெக்ஸ் எல்பி என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் எதிர்மறையாகப் போகக் கூடாது என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்க்கச் சொன்னால், கண் இமைப்பதற்குள் 40, 30 வந்துவிடும்.

இந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. ஓர் ஆள் சத்துக்குறைவில்லாமல் ஒரு வருடம் சாப்பிடக் குறைந்தபட்சம் என்ன செலவாகும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் கணக்கிட்டார். 77 உணவுப் பொருட்கள், 9 சத்துகள். சரியான முறை அப்போது இல்லாததால் சாமர்த்தியமாக ஊகித்து, 1939 விலைவாசியில் 39.93 டாலர் என்றார். 1947இல் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் இந்தக் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்ததும் அதைச் சோதிக்க இதே கணக்கை எடுத்தார்கள். ஒன்பது பேர் மேசைக் கணிப்பான்களோடு உட்கார்ந்து, ஏறக்குறைய 120 ஆள்-நாள் உழைத்து 39.69 டாலர் என்று கண்டார்கள். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட் மட்டுமே தள்ளியிருந்தது. அனுபவசாலிகளின் ஊகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

படி 7: நிழல் விலை

அத்தையின் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம்.

கைவேலை நேரத்தை 960இலிருந்து 1,020 ஆக்கி, மற்றவற்றை அப்படியே விட்டு மறுபடி தீர்த்துப் பாருங்கள். முறுக்கு 44.5 கிலோவாகக் கூடும், மிக்சர் 27.3 ஆகக் குறையும், மொத்தம் 4,754.5. ஆக ஒரு மணி நேரக் கைவேலையின் மதிப்பு 154 ரூபாய் 50 காசு. நிமிடத்துக்கு 2.58. இதே மாதிரி அடுப்பில் ஒரு நிமிடம் கூடினால் 3.94 ரூபாய். இவற்றைத்தான் நிழல் விலை என்கிறார்கள். சந்தையில் யாரும் இந்த விலைக்கு விற்பதில்லை. உங்கள் கடைக்குள், இன்றைய நிலையில், அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதே இது. எக்செல்லில் தீர்வு வந்ததும் சென்சிட்டிவிட்டி அறிக்கையைக் கேட்டால் தானாகவே தரும். அது இல்லாவிட்டாலும் மேலே செய்தது போல ஒவ்வோர் எல்லையையும் ஒன்று கூட்டித் தீர்த்துப் பார்த்தால் போதும்.

சந்தைக் கட்டுப்பாடுகளின் நிழல் விலை பூஜ்யம். கடைகள் 50 கிலோ முறுக்கு கேட்டாலும் 60 கேட்டாலும் நாம் செய்யப்போவது 40தான். ஆகவே இன்றைக்கு விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதில் பயனே இல்லை. மாறாக, 50 கிலோவுக்குத் தேவை இருக்கும்போது 40 மட்டுமே கொடுக்கிறோம் என்றால் விலை குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றி, தேவை 45 கிலோவாகக் குறைந்தாலும் நம்முடைய 40 கிலோ முழுதும் போய்விடும். நாளுக்கு 200 ரூபாய் கூடுதல்.

நிழல் விலையின் வேர் சோவியத் நாட்டில் இருக்கிறது. 1938இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில் ஒன்றுக்காக, எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை உரிப்பது என்ற கேள்வியோடு கணிதவியலாளர் லியோனித் கண்டரோவிச்சிடம் வந்தார்கள். அவர் ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு பெருக்கெண் கொடுத்துத் தீர்த்தார். அந்தப் பெருக்கெண்கள்தான் நாம் பார்க்கும் இந்த விலைகள். உழைப்பு ஒன்றே மதிப்பைத் தரும் என்று நம்பிய அமைப்பில், இயந்திரத்தின் ஒரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று கணக்கு சொன்னது உறுத்தலான விஷயம். பல வருடங்கள் அவருடைய கருத்துகள் ஒதுங்கியே கிடந்தன. 1975இல் யாலிங் கூப்மன்ஸுடன் சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

படி 8: அந்த விலை எதுவரை செல்லும்?

கைவேலை மணிக்கு 154.50 ரூபாய் பெறும். ஓர் ஆளுக்கு நாள்கூலி 500, எட்டு மணி நேரம். 154.50ஐ எட்டால் பெருக்கினால் 1,236, கூலி போக 736 லாபம் என்று துள்ளிவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

கைவேலை கூடக்கூட முறுக்கு கூடும், அடுப்பு நேரம் அதே என்பதால் மிக்சர் குறையும். முறுக்கு 50ஐத் தொட்டதும் சந்தை நிறுத்திவிடும். அப்போது மிக்சர் 24, தேவைப்படும் கைவேலை 1,092 நிமிடம். அதாவது கூடுதலாக 132 நிமிடத்துக்கு மட்டுமே அந்த 2.58 ரூபாய். அதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கும் மதிப்பில்லை. மொத்த லாபம் 340. முழு நாள் ஆள் போட்டால் 160 ரூபாய் கையைக் கடிக்கும். இருக்கிற பெண்களே ஆளுக்கு ஒரு மணி ஆறு நிமிடம் கூடுதலாக இருந்து, மணிக்கு 80 ரூபாய் கொடுத்தால் செலவு 176, மிச்சம் 164.

அடுப்பை மட்டும் கூட்டினால்? மிக்சர் 35ஐத் தொட 37 நிமிடம் போதும். லாபம் 144 ரூபாய். அதோடு நின்றுவிடும்.

இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்? அடுப்பில் 110 நிமிடமும் கைவேலையில் 220 நிமிடமும் கூடினால் 50 கிலோ முறுக்கும் 35 கிலோ மிக்சரும் செய்துவிடலாம். 5,600 ரூபாய். கூடுதல் 1,000. தனித்தனியே 340, 144. சேர்த்தால் ஆயிரம்! ஆள் தனியாக வந்தால் அடுப்புக்காகக் காத்திருப்பார், அடுப்பு தனியாக வந்தால் மாவுக்காகக் காத்திருக்கும். ஆக அத்தையின் "இதுவா, அதுவா" என்ற கேள்விக்கு விடை: ஒன்று மட்டும் என்றால் கூடுதல் நேரம் கொடுத்துச் சமாளியுங்கள். முழு ஆள் போடுவதானால் அடுப்பு நேரத்தையும் சேர்த்தே கூட்டுங்கள். கூலி போக 500 நிற்கும்.

எண்ணெய் விலை ஏறும் நாட்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. மிக்சரில் 60 நிற்கும்வரை, முறுக்கில் நிற்பது 36க்கும் 135க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் 40, 30 என்ற திட்டம் மாறாது. லாபம் குறையும், ஆனால் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. தினமும் விலைப் பட்டியலைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

படி 9: புதுப் பலகாரம் சேர்க்கலாமா?

தட்டை கேட்கிறார்கள். கிலோவுக்கு 55 ரூபாய் நிற்கும். அடுப்பில் 8 நிமிடம், கைவேலை 12 நிமிடம். புதிதாக எதையும் தீர்க்கத் தேவையில்லை, நிழல் விலையால் பெருக்குங்கள். 8 × 3.94 = 31.52. 12 × 2.58 = 30.96. தட்டை ஒரு கிலோ நம்மிடமிருந்து 62 ரூபாய் 48 காசு மதிப்புள்ள நேரத்தைத் தின்கிறது, தருவதோ 55. ஒவ்வொரு கிலோவுக்கும் ஏழு ரூபாய்க்கு மேல் இழப்பு. விலையை எட்டு ரூபாய் ஏற்ற முடிந்தால் மட்டும் சேருங்கள்.

இந்த முறைக்குள் அடங்காதவை

மாவு எவ்வளவு ஒரே தடவையில் வாங்குவது என்பது நேர்கோட்டுக் கணக்கு இல்லை. அதற்குப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. வருடத் தேவையை ஒரு தடவை வாங்கும் செலவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு கிலோவை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருடத்துக்கு 3,600 கிலோ கடலை மாவு, வண்டி ஏற்று இறக்குக் கூலி தடவைக்கு 200, வைத்திருக்கும் செலவு கிலோவுக்கு 16 என்றால் விடை 300 கிலோ, மாதம் ஒரு தடவை. 400 வாங்கினாலும் வருடச் செலவு 4,800இலிருந்து 5,000 ஆகத்தான் ஏறும். அதனால் அந்த எண்ணைச் சுற்றிக் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பயப்பட வேண்டாம். மாவில் பூச்சி வைக்கும் என்பதுதான் பயப்பட வேண்டியது.

வண்டி, இயந்திரம், ஆள் இவற்றைப் பாதியாக வாங்க முடியாது. அங்கே மாறி முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று சால்வரிடம் சொல்லிவிடுங்கள். 2.6 என்று வந்த விடையை நீங்களே 3 ஆக்கினால் ஏதாவது ஒரு கட்டுப்பாடு உடைந்திருக்கக்கூடும்.

படி 10: ஒன்று மாறினால் மறுபடி போடுங்கள்

முறுக்குப் பிழியும் மெஷின் வாங்கினால் கைவேலை கிலோவுக்கு 18இலிருந்து 10 நிமிடமாகக் குறையும் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி தீர்த்தால் 50 கிலோ முறுக்கு, 24 கிலோ மிக்சர், 4,940 ரூபாய். நாளுக்கு 340 கூடுதல், மாதம் 8,840. மெஷின் 60,000 ரூபாய் என்றால் ஏழு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆனால் நிழல் விலைகளைப் பாருங்கள். கைவேலையில் 268 நிமிடம் சும்மா இருக்கிறது, அதன் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடுப்பின் ஒரு நிமிடம் 3.94இலிருந்து 6 ரூபாய்க்கு ஏறிவிட்டது. இடிக்கிற இடம் முழுக்க அடுப்புக்கு நகர்ந்துவிட்டது. புது ஆள் எதுவும் வேண்டாம், அடுப்பை மட்டும் 110 நிமிடம் கூடுதலாக எரித்தால் 660 ரூபாய் வரும், அதே 5,600ஐத் தொட்டுவிடலாம்.

இதை அத்தையிடம் சொன்னபோது, "அடுப்புன்னா மாமாதான். ஒன்பது மணி நேரம் அந்தச் சூட்டுல நிக்கிறதே பெரிசு" என்றார். மாமாவைக் கேட்டேன். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் பற்றவைக்க முடியும், அதற்கு மேல் முடியாது என்றார். சரி, அதுவும் ஒரு கட்டுப்பாடுதான். 540ஐ அழித்துவிட்டு 600 என்று எழுதினோம். 50 கிலோ முறுக்கு, 30 கிலோ மிக்சர், 5,300 ரூபாய்.